ஓட்டுரிமை: அமெரிக்காவில் 72 ஆண்டு, சென்னையில் 4 ஆண்டு... ஆனால் எல்லாப் பெண்களுக்கும் கிடைத்தது எப்போது?

தேர்தல் நாளில் திருவொற்றியூர் பக்கம் போனால், மீன் விற்கும் பெண்களும் கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களும் ஒரே வரிசையில் நின்று ஓட்டு போடுவதைப் பார்க்கலாம். இந்த வரிசையில் அவர்களுக்கு இடம் கிடைத்தது எப்படி?

தொடங்கியது எங்கே?

1917-ல் சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் உருவானது. அதே ஆண்டு டிசம்பரில், சென்னை வந்த இந்தியா மந்திரி மாண்டேகுவை சரோஜினி நாயுடு தலைமையிலான குழு சந்தித்து, பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்டது. ஆனால் 1919 சட்டம் அந்த முடிவை மாகாணங்களிடமே விட்டுவிட்டது. 1921 ஏப்ரலில் முதல் மாகாணமாக சென்னை 'சரி' சொன்னது.

அமெரிக்காவில் 1848 செனெகா ஃபால்ஸ் மாநாட்டில் எழுந்த கோரிக்கை, 1920-ல்தான் அரசியல் சட்டத்தில் ஏறியது.

அப்போ எல்லோருக்கும் கிடைச்சுதா?

இல்லை. 1921-ல் சொத்து இருந்தால், வரி கட்டினால்தான் ஓட்டு. கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு அதில் இடமே இல்லை. 1935 சட்டம் படித்த பெண்களையும், ஓட்டுரிமை உள்ள ஆண்களின் மனைவிகளையும் சேர்த்தது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பது 1951-52 பொதுத்தேர்தலில்தான் நடந்தது. முதல் 'சரி'க்குப் பிறகு 30 ஆண்டு காத்திருப்பு!

அமெரிக்காவிலும் இதே கதைதான். தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்கள் பலர், தடையில்லாமல் ஓட்டு போட 1965 வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருந்தார்கள்.

பதவி எப்போது வந்தது?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் சென்னை சட்ட மேலவையின் துணைத் தலைவரானார். உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டை 1990-களில் கொண்டுவந்தது அரசியல் சட்டத் திருத்தம். அதை தமிழ்நாடு 2016-ல் 50 சதவீதமாக்கியது.

தனி நகராட்சியாக இருந்த திருவொற்றியூர், 2011-ல் சென்னை மாநகராட்சியின் 1-வது மண்டலமானது. 2022 மாநகராட்சித் தேர்தலில் பாதி வார்டுகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. வடசென்னையைச் சேர்ந்த பிரியா, சென்னையின் முதல் தலித் பெண் மேயரானார். குடிநீர், கால்வாய், தெருவிளக்கு என வீட்டு வாசல் பிரச்சினைகள் முதலில் போய்ச் சேர்வது கவுன்சிலரிடம்தான். அதனால் இந்த 50 சதவீதம் சின்ன விஷயம் இல்லை.

இன்னும் என்ன பாக்கி?

மக்களவை, சட்டமன்றங்களில் மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் சட்டம் 2023-ல் நிறைவேறியது. ஆனால் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அமலாகும் என அதிலேயே நிபந்தனை வைக்கப்பட்டது. 1921 போலவே, உரிமை காகிதத்தில் முதலில் வந்துவிட்டது. கைக்கு வருவதற்குத்தான் மறுபடியும் காத்திருப்பு.