கடலைக் காக்கும் முறை

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில், கரைக்கு அணித்தாகச் சிறு தீவுகள் பல வரிசையாக அமைந்துள்ளன. ஏடுகளில் அவற்றின் தொகை 21. படகேறிச் சென்று எண்ணுவோர்க்கு அத்தொகை நிரம்பாது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுள் ஆழ்ந்துவிட்டன. கடல்மட்டம் சிறிது சிறிதாக உயர்ந்து வருதலும் அதற்கு ஒரு காரணமே. எனினும், அத்தீவுகளின் அரணை அகழ்ந்தெடுத்த மக்கள் கையே முதற் காரணமாகும்.

அவ்வரண் யாது? பவள உயிர்கள் மிகச் சிறியவை. அவை கடல்நீரிலுள்ள சுண்ணத்தைக் கொண்டு தமக்கு உறைவிடம் கட்டிக்கொள்கின்றன. ஓர் உயிர் மாய, அதன் கூட்டின்மேல் மற்றோர் உயிர் தன் கூட்டைக் கட்டும். இவ்வாறு நெடுங்காலம் வளர்ந்து எழுவதே பவளப்பார். அதன் கல்லைக் கரையோர மக்கள் முருகைக்கல் என்பர். சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அக்கல்லைப் படகு படகாக வெட்டிச் சென்றனர். 2001-ஆம் ஆண்டில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. அதற்குள் பல இடங்களிற் பார் சிதைந்து போயிற்று. பார் உள்ள இடத்தில் அலை வேகம் தணிந்து வரும். பார் இல்லாத இடத்தில் நேரே வந்து மோதி மணலை அரித்துச் செல்லும். கல்லை வெட்டியவன் தீவை மூழ்கடிக்க எண்ணினான் அல்லன். அவனுக்கு வேண்டியது அன்றைய கூலி. கல்லின் விலையை அவன் அறிவான். அக்கல் செய்துவந்த தொண்டினை அறியான். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் இவ்வாறே தேய்ந்தது. 2015-ஆம் ஆண்டு முதலாக அதன் எதிரே செயற்கைப் பார்களைக் கடலில் இறக்கி அலையைத் தணிக்க முயன்றனர். இயற்கை கூலியின்றிச் செய்துவந்த வேலைக்குப் பெரும்பொருள் செலவிட வேண்டியதாயிற்று.

கடலில் எப்பொருளும் தனித்து நிற்பதில்லை. ஆவுளியா என்று மீனவர் வழங்கும் கடற்பசுவை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். அவ்விலங்கு கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. புல் வளர ஒளி வேண்டும். ஒளி புக நீர் தெளிந்திருத்தல் வேண்டும். இழுவைமடி கட்டிய விசைப்படகு கடலின் தரையை வாரிச் செல்லுங்கால் புல் வேரோடு பெயர்கின்றது. சேறு கிளம்பி ஒளியை மறைக்கின்றது. இறாலின் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் ஒளிந்து வளர்வது அப்புல்லின் இடையேதான். ஆகவே, இறாலை நாடிச் செல்லும் மடியே இறாலின் தொட்டிலைக் கவிழ்த்துவிடுகின்றது. 2022-ஆம் ஆண்டில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை அடுத்த பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாட்டு அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. பாராட்டத்தக்க செயலே. ஆனால், கடற்பசுவைக் காக்கப் புகுந்தோர் அவ்விலங்கோடு நின்றுவிடல் இயலாது. வலையைப் பற்றியும், ஊர்ச் சாக்கடையைப் பற்றியும், வலையிழுத்துப் பிழைப்பவனின் கடனைப் பற்றியும் அவர்கள் பேசியே ஆகவேண்டும்.

உயிர்களையும் நீரையும் நிலத்தையும் மக்களையும் இங்ஙனம் ஒருங்கே நோக்கிக் கடலை ஆளுதலை உயிர்ச்சூழல் சார்ந்த மேலாண்மை என்று அறிஞர் அழைப்பர். பெயர் நீண்டது, கருத்து எளியது. செயலிற் கொணர்தலே அரிது. மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டம் 1983-இல் வந்தது. தீவுகளைச் சூழ்ந்த 560 சதுர கிலோமீட்டர் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 1991-இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளிவந்தது. படகு ஓர் இலாகாவின் பொறுப்பு. பவளம் மற்றோர் இலாகாவின் பொறுப்பு. துறைமுகம் வேறொன்றின் பொறுப்பு. புன்னைக்காயல் அருகே கடலிற் கலக்கும் தாமிரபரணியின் அணைகளோ நீர்வளத்துறையின் கையில் உள்ளன. ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செவ்வனே செய்தாலும், கடல்நீர் இலாகா அறியாது.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கும் இவ்வளைகுடாவிலேயே சான்று உண்டு. ஏழை மக்களுக்கு வருவாய் வேண்டும் என்று கருதிப் பிலிப்பைன்சு நாட்டுக் கடலுக்குரிய கப்பாபைக்கசு என்னும் பாசியை 1990-களில் மண்டபம் பகுதிக்குக் கொணர்ந்து வளர்த்தனர். வருவாய் வந்தது. ஆனால், 2008-ஆம் ஆண்டளவில் அப்பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மேற் படர்ந்து அவற்றை மூடக் கண்டனர். தொழிலைக் கண்டவர் பாரைக் காணவில்லை.

இதற்கு மறுதலையான பிழை ஒன்றும் உண்டு. பாரைக் கண்டு மனிதரைக் காணாமல் விடுதலே அது. தொல்காப்பியர் கருப்பொருள்களைத் தொகுத்தபோது விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு உணவையும் தொழிலையும் சேர்த்தே எண்ணினார். நெய்தல் நிலம் என்றால் சுறாவும் புன்னையும் மட்டும் அல்ல. மீன் பிடித்தலும் உப்பு விளைத்தலும் அந்நிலத்திற்கே உரியவை. இலக்கணம் கற்கும் சிறுவரும் அறிந்த இச்செய்தியைத் திட்டம் வகுப்போர் பல வேளைகளில் மறந்துவிடுகின்றனர்.

இராமநாதபுரக் கரையில் மகளிர் பலர் கடலில் மூழ்கிப் பாசி எடுத்து வாழ்கின்றனர். விரல்களிற் கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி நீருள் இறங்குவர். பாறையைப் பற்றியிருக்கும் பாசியைக் கையாற் பறித்து, இடுப்பிற் கட்டிய பையில் இடுவர். அவர்தம் அன்னையரும் அதே தொழிலைச் செய்தவரே. தேசியப் பூங்காவின் காவல் இறுகியபோது தீவுகளை அணுகல் குற்றமாயிற்று. காலங்காலமாகச் சென்றுவந்த இடத்திற்கு ஒளிந்து செல்லும் நிலை அவர்களுக்கு வந்தது.

அவர்கள் மேல் குறையே இல்லை என்று கூறலும் பொருந்தாது. இரும்புக் கருவியாற் சுரண்டிப் பாசி எடுத்த காலம் ஒன்று இருந்தது. வேரும் போயிற்று, பாரும் காயமுற்றது. ஆனால், அக்கருவியை விலக்கியவர்களும் அவர்களே. திங்களுக்குப் பன்னிரண்டு நாள், அதாவது அமாவாசையை ஒட்டி ஆறு நாளும் பௌர்ணமியை ஒட்டி ஆறு நாளும், மட்டுமே எடுப்பது என்றும், பாசி வளரும் ஏப்ரல் முதல் ஜூன் வரை எடுப்பதில்லை என்றும் தமக்குள் வரம்பு வகுத்துக்கொண்டனர். கீழைக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு அரசு தடை விதிக்கின்றது. அதன் கருத்தும் இம்மகளிர் கருத்தும் ஒன்றே: வளர்வதற்குக் காலம் கொடுத்தல்.

மனிதர் அனைவரையும் விலக்கிவிட்டால் கடல் தானே தேறும் என்பார் உளர். சில இடங்களில், சில காலத்திற்கு, அவர் கூற்று உண்மையே. பவளம் வெந்து வெளுத்த ஆண்டுகளில் அப்பாரை எவரும் தீண்டாதிருத்தல் நன்று. ஆயினும், நூற்றறுபது கிலோமீட்டர் நீண்ட தீவுத்தொடரை இரவும் பகலும் காக்க எத்தனை காவற்படகுகள் போதும்? பட்டினி கிடப்பவனுக்கு எதிராக நெடுநாள் நிற்கும் வேலி எங்கும் இல்லை. ஓர் அடுப்பை அணைக்கும் ஆணை, அவ்வடுப்பு மீண்டும் எரிய வழியையும் அதே தாளிற் கூறல் வேண்டும்.

உயிர்க்கோளக் காப்பகத்திற்கென அரசு அமைத்த அறக்கட்டளை கடலோரச் சிற்றூர்களிற் குழுக்களை அமைத்துக் கடனுதவி வழங்கியது. அது நல்ல தொடக்கம். எனினும், கடன் வழங்குதல் வேறு. முடிவெடுக்கும் அவையில் இடம் வழங்குதல் வேறு. வனத்துறையினரும், மீன்வளத்துறையினரும், துறைமுகத்தாரும், ஆற்றுநீரைப் பங்கிடும் பொறியாளரும் ஒரே அவையில் அமர்தல் வேண்டும். மீனவரும் பாசி எடுக்கும் மகளிரும் ஆணை எழுதி முடிந்தபின் அழைக்கப்படாமல், எழுதுமுன் அழைக்கப்படுதல் வேண்டும். இதனை இரக்கத்தின் பொருட்டுச் செய்ய வேண்டுவதில்லை. எந்தப் பாரிற் பவளம் வெளுத்தது, எங்கே அயற்பாசி புதிதாகத் தலைகாட்டுகின்றது, எவ்விடத்தில் மீன் குஞ்சுகள் குறைந்தன என்பவற்றை அந்நீரில் நாளும் மூழ்கி எழுவோரே முதலில் அறிவர்.