கூண்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு கணக்கு

வில்லியனூர், பாகூர் கொம்யூன் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை போடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவரா நீங்கள்? நாமக்கல் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கம்பிக் கூண்டுக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறீர்களா? முன்பணம் கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். புதிதாகத் தொடங்கும் சிறு விவசாயி கூண்டில் பணம் போடக் கூடாது என்பது என் கருத்து. கோழி மீது இரக்கப்பட்டு மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் வரவு செலவும் அதைத்தான் சொல்கிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவில் தொடங்கிய முயற்சிதான் 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டமாக முடிந்தது. போதிய உயரம், நீளம், அகலம் இல்லாத, நடமாட முடியாத கூண்டில் ஒரு பிராணியை அடைத்து வைப்பது குற்றம் என்கிறது அதன் 11-வது பிரிவு. கோழியும் இதில் அடக்கம். ஆனால், எவ்வளவு இடம் இருந்தால் போதும் என்று சட்டம் அளந்து சொல்லவில்லை. 2017 ஜூலையில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269-வது அறிக்கையை முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்புக்கென்றே எழுதியது. 2023-ல் மத்திய அரசு முட்டையிடும் கோழிகளுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. அதன்படி கூண்டில் ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்டிமீட்டர் இடம் தர வேண்டும். ஏற்கெனவே உள்ள பண்ணைகள் மாற்றிக்கொள்ள அவகாசம் உண்டு. அது பழைய பண்ணைக்குத்தான். அளவு குறைந்த பழைய கூண்டு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள்.

இந்த 550 எவ்வளவு பெரிது? ஜெராக்ஸ் கடையில் வாங்கும் ஏ-4 தாள் ஒன்றின் பரப்பு ஏறக்குறைய 624 சதுர சென்டிமீட்டர். அதாவது, சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இடம் ஒரு தாளைவிடச் சிறியது. ஐரோப்பிய ஒன்றியமும் 2003-ல் கூண்டுக்கோழிக்கு இதே 550-ஐத்தான் நிர்ணயித்தது. அதுவும் போதாது என்று 2012 ஜனவரி 1 முதல் வெறும் கம்பிக் கூண்டையே தடை செய்தது. கூண்டு வேண்டுமென்றால் ஒரு கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் இடம், முட்டையிட மறைவிடம், உட்காரக் குச்சி, கிளற இடம் எல்லாம் இருக்க வேண்டும் என்றது. நாம் இன்று எட்டிப்பிடிக்கும் அளவை அவர்கள் அன்றே கழித்துவிட்டார்கள். விதி போகும் திசை இதுதான். கூண்டு பல ஆண்டுக்கான முதலீடு. கடன் அடையும் முன்பே விதி இன்னொரு படி ஏறினால், புதிதாகத் தொடங்கிய நீங்கள்தான் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

கோழிக்கு என்ன வேண்டும் என்பதை யாரும் வெளிநாட்டிலிருந்து வந்து நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுக் கோழியைக் கவனித்தாலே போதும். முட்டையிடும் நேரம் வந்தால் இருட்டு மூலையையோ வைக்கோல் கூடையையோ தேடி அலையும். வெயில் ஏறினால் புழுதியில் குழி பறித்துப் புரளும். பொழுது சாய்ந்தால் முருங்கைக் கிளையில் ஏறி உட்காரும். இடையில் நாளெல்லாம் குப்பையைக் கிளறும். வெறும் கம்பிக் கூண்டில் இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் ஏறக்குறைய இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து உடம்பிலிருந்து போகிறது. நடமாட்டமும் இல்லாதபோது எலும்பு வலுவிழக்கிறது. கூண்டுக்கோழிகளுக்குக் கால் முடங்குவதும் எலும்பு முறிவதும் கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிந்த பிரச்சினை.

அதற்காக, கூண்டில் வளர்ப்பவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. கூண்டிலும் நன்மைகள் உண்டு. முட்டை சரிவில் உருண்டு வந்துவிடும், எச்சத்தில் படாது. கோழியும் தன் எச்சத்தை மிதிப்பதில்லை என்பதால் ரத்தக்கழிச்சலும் குடற்புழுவும் குறைவு. ஓர் ஆள் ஆயிரக்கணக்கான கோழிகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் முட்டை எட்டும் விலையில் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நாமக்கல் பண்ணையாளர் தினமும் அறிவிக்கப்படும் விலைக்குள் சில பைசா லாபத்தில் ஓடுகிறார். அவரிடம் போய் நாளைக்கே கூண்டைக் கழற்று என்பது நியாயமில்லை.

ஆனால், உங்கள் நிலை வேறு. இரண்டாயிரம் கோழியைக் கூண்டில் போட்டு லட்சக்கணக்கில் வைத்திருப்பவரோடு அதே விலையில் உங்களால் போட்டி போட முடியுமா? தீவனத்தை அவர் வாங்கும் விலைக்கு உங்களால் வாங்க முடியாது. முட்டையை மட்டும் அவர் விற்கும் விலைக்கு விற்க வேண்டும். கூண்டு முட்டை என்றால் புதுச்சேரி மொத்த வியாபாரி நாமக்கல் விலையைத்தான் பேசுவார்.

சரி, கூண்டு இல்லாமல் வளர்த்தால் செலவு எகிறிவிடாதா? நூறு கோழிக்குக் கணக்குப் போடுவோம். தீவனம் கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூண்டில் உள்ள வெள்ளை லேயர் நாளுக்கு 110 கிராம் வீதம் நூறு கோழி 11 கிலோ தின்று 90 முட்டை இட்டால், ஒரு முட்டைக்குத் தீவனச் செலவு 3 ரூபாய் 67 காசு. பி.வி.380 போன்ற பழுப்பு முட்டைக்கோழியைத் தரையில் விட்டால் நடமாட்டத்தால் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். 12 கிலோ தின்று 80 முட்டை இட்டால் 4 ரூபாய் 50 காசு. கிராமப்பிரியா போன்ற புறக்கடை இனத்தையும் முழுக்கத் தீவனத்திலேயே வளர்த்து, 12 கிலோவுக்கு 55 முட்டை வந்தால் 6 ரூபாய் 55 காசு.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோழியைக் கூண்டிலிருந்து இறக்கியதால் கூடிய தீவனச் செலவு முட்டைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. பெரிய தாவல் இனத்தால் வருகிறது, இடத்தால் அல்ல. கொட்டகைச் செலவும் ஆள் வேலையும் தனி, உண்மைதான். ஆனால் நூறு, இருநூறு கோழிக்கு அந்த வேலை காலையும் மாலையும் வீட்டார் பார்க்கும் வேலை. லட்சம் கோழி வைத்திருப்பவருக்கு அது முடியாது. உங்களுக்கு முடியும். நாமக்கல்லைவிட நீங்கள் முந்தி நிற்கும் ஒரே இடம் இதுதான். அதையும் விட்டுவிட்டுக் கூண்டு வாங்குவானேன்?

கூண்டை எடுத்துவிட்டால் மட்டும் கோழி சுகமாக இருந்துவிடாது. நெரிசலான, ஈரக்கூளம் நாறும் கொட்டகை கூண்டைவிட மோசம். அங்கே கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் கொல்லும். ஆகவே அளவுகளை மனதில் வையுங்கள். ஆழ்கூள முறையில் ஒரு முட்டைக்கோழிக்கு 2 சதுர அடி, நூறு கோழிக்குப் பத்துக்கு இருபது அடிக் கொட்டகை. உட்காரும் குச்சி கோழிக்கு 15 சென்டிமீட்டர் வீதம், மொத்தம் ஐம்பது அடி. ஐந்து கோழிக்கு ஒரு முட்டைப் பெட்டி, மங்கலான மூலையில். கூளத்துக்கு பாகூர் அரிசி ஆலைகளின் உமி இருக்கிறது. அதைத் தினமும் கிளறி உலர வையுங்கள். முட்டை ஓடு கெட்டியாக இருக்கக் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வையுங்கள். பகல் வெளிச்சமும் விளக்கும் சேர்ந்து 16 மணி நேரம் வேண்டும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கைகள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்த தென்பெண்ணை வெள்ளமும் பாகூர் பக்கம் என்ன செய்தன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். தரை மட்டத்தைத் தாராளமாக உயர்த்திக் கட்டுங்கள். அடுத்தது ஊசுடு ஏரி. அங்கே வலசைப் பறவைகள் வருகின்றன. காட்டுப் பறவைகள் மூலம் பறவைக் காய்ச்சல் பரவக்கூடும். அதனால் கோழியை ஏரிக்கரையில் மேயவிடாதீர்கள். தீவனமும் தண்ணீரும் எப்போதும் வலை அடித்த கூரைக்குள் இருக்கட்டும். கீரிக்கும் நாய்க்கும் அந்த வலையே காவல்.

கடைசியாக, விற்பனை. இதில்தான் நம் ஆட்கள் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பழுப்பு ஓடு இருந்தாலே நாட்டுக்கோழி முட்டை என்று விற்கிறார்கள். ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டை கூண்டிலிருந்தும் வரும். ஒருமுறை ஏமாந்த வாடிக்கையாளர் அடுத்த முறை உண்மையான முட்டையையும் நம்ப மாட்டார். நீங்கள் வளர்ப்பது பி.வி.380 என்றால் 'கூண்டில் அடைக்காத கோழியின் முட்டை' என்று உள்ளதைச் சொல்லி விற்றுப் பாருங்கள். வில்லியனூரிலிருந்து நகரம் பத்து கிலோமீட்டர்தான். அங்கே வீடுகளும் உணவகங்களும், பக்கத்தில் ஆரோவில்லும் இருக்கின்றன. சந்தேகப்படுபவரைக் கொட்டகைக்கே அழைத்து வந்து காட்டலாம். நாமக்கல் முட்டைக்கு இந்த வசதி இல்லை.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பண்ணை அமைக்க ஆலோசனை கேட்டு வருபவரிடம் கூண்டுத் திட்ட அறிக்கையை மட்டும் நீட்டாதீர்கள். குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வேளாண் அறிவியல் நிலையமும் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே நூறு கோழி ஆழ்கூளக் கொட்டகை ஒன்றை, வரவு செலவுப் பலகையோடு, விவசாயி வந்து பார்க்கும்படி வைக்கலாம். புறக்கடை இனங்களின் தாய்க்கோழிப் பண்ணைக்கும் குஞ்சு பொரிப்பகத்துக்கும் தேசிய கால்நடை இயக்கத்தில் 50 சதவீதம், அதிகபட்சம் 25 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. ஒரு சுய உதவிக் குழுவோ உற்பத்தியாளர் நிறுவனமோ அதை எடுத்தால் குஞ்சுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. எங்கள் கொம்யூன் கால்நடை மருத்துவர் கொட்டகையைப் பார்த்து, இத்தனை கோழிக்கு இத்தனை சதுர அடி என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஒரு சாதாரணச் சான்றிதழைத் துறை கொண்டுவரட்டும். பெரிய செலவில்லை. நேர்மையாக வளர்ப்பவருக்கு அதுவே நல்ல விலை வாங்கித் தரும்.

ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னேன் அல்லவா? அந்த ஒரு வாரத்தில் இரண்டு வேலை செய்யுங்கள். மேலே சொன்ன கணக்கை உங்கள் ஊர் தீவன விலைக்குப் போட்டுப் பாருங்கள். பிறகு நகரத்தில் பத்து வீடு, இரண்டு உணவகம் போய், முட்டைக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் கூண்டுதான் சரி என்று தோன்றினால் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டுப் பார்க்காமல் மட்டும் வாங்காதீர்கள்.