கருப்பட்டி கசக்குமா?

குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உடன்குடிப் பக்கத்து என் அண்ணாச்சிமாருக்கும், மைனிமாருக்கும், பெரியம்மைமாருக்கும், கூடப் படித்த எல்லாருக்கும்,

ஃபுளோரிடாவில் டைட்டஸ்வில் என்ற சிற்றூரில் இருந்து உங்கள் வீட்டுப் பெண் எழுதுகிறேன்.

போன வாரம் குடும்பக் குழுவில் பெரியம்மை ஒரு குரல்பதிவு போட்டிருந்தார். "ஏட்டி, இங்க ராக்கெட்டு விடப் போறாவல்லா, அந்தப் பொகை பனையில பட்டா கருப்பட்டி கசக்குமா? நீ ராக்கெட்டு ஊர்லதான இருக்க, கேட்டுச் சொல்லு." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள். "கசந்தா கஷாயம்னு வித்துருவோம் பெரியம்மை" என்று ஒரு தம்பி. "ராக்கெட்டு சத்தத்துல பதனி தானா இறங்கிரும், பாளை சீவ ஆளே வேண்டாம்" என்று ஒரு அண்ணாச்சி. நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவுப் பணி முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பெரியம்மை விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் 2009-இல் செவிலியாக இங்கே வந்தேன். ஊருக்குக் கிழக்கே ஒரு காயல். அதன் அக்கரையில் கென்னடி விண்வெளி மையம். இந்த மாவட்டத்துத் தொலைபேசி எண்கள் 321 என்று தொடங்கும். ராக்கெட் கிளம்புமுன் எண்ணும் மூன்று, இரண்டு, ஒன்றுதான் அது. 1999-இல் அப்படியே கேட்டு வாங்கினார்கள். இங்கேயும் காப்பிக் கடையில் ராக்கெட்டைப் பற்றித்தான் பேச்சு, கேலி, பந்தயம். பல ஆண்டாகக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று பிடிபட்டது. அறிவியல் செய்தியைப் பற்றி ஊர் அடிக்கும் கேலிக்குள் பாதி நேரம் ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது. சிரித்து முடித்ததும் நாம் எழுந்து போய்விடுகிறோம். கேள்வி திண்ணையிலேயே கிடக்கிறது.

பெரியம்மையின் கேள்விக்கு வருகிறேன். நம் குலசையில் (குலசேகரன்பட்டினத்தில்) வரும் ஏவுதளத்தில் இருந்து விடப்போவது எஸ்.எஸ்.எல்.வி. என்ற சின்ன ராக்கெட். 34 மீட்டர் உயரம், 120 டன் எடை. அதன் முதல் மூன்று அடுக்கும் திட எரிபொருளில் ஓடுபவை. முதல் அடுக்கில் மட்டும் 87 டன். திட எரிபொருள் எரிந்தால் அலுமினிய ஆக்சைடுப் பொடியோடு ஹைட்ரஜன் குளோரைடும் வெளியே வரும். அது ஈரத்தில் கலந்தால் அமிலம். இங்கே ஷட்டில் என்ற விண்ணோடம் பறந்த காலத்தில் அதன் இரண்டு பக்கத்து ராக்கெட்டுகளிலும் தலைக்கு 500 டன் அளவுக்குத் திட எரிபொருள் இருந்தது. புறப்படும் நொடியில் தளத்தில் பீய்ச்சிய தண்ணீரோடு புகை கலந்து, தளத்தை ஒட்டிய செடிகளின் இலையைக் கருக்கியது. வடக்கே இருந்த ஆழமில்லாத தண்ணீரில் சிறு மீன்கள் செத்து மிதந்தன. இதை நாசாவே அளந்து பதிவு செய்திருக்கிறது. பாதிப்பு பெரும்பாலும் தளத்தைச் சுற்றியே நின்றது, ஊருக்குள் வரவில்லை என்பதும் அந்த அளவீட்டில்தான் தெரிய வந்தது.

நம் ராக்கெட்டின் முதல் அடுக்கு ஷட்டிலின் இரண்டையும் சேர்த்தால் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே பயந்து நடுங்க வேண்டியதில்லை. உடன்குடிக் கருப்பட்டி கசந்துவிடும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் "ஒன்றும் ஆகாது" என்று யாராவது சொன்னால், "அளந்தீர்களா, எங்கே அளந்தீர்கள், காற்று எந்தப் பக்கம் அடித்த அன்று அளந்தீர்கள்" என்று கேட்கும் உரிமை பெரியம்மைக்கு இருக்கிறது. தேரிக்காட்டில் காற்று எப்படிச் சுழற்றி அடிக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

இன்னொரு கேலி கடற்கரையில் இருந்து வந்தது. ஒரு மீனவ அண்ணாச்சி சொன்னாராம்: "ராக்கெட்டு தெக்கால போகுதுன்னா எல்லை தாண்டாமப் போவச் சொல்லுங்க, இல்லன்னா இலங்கை நேவி பிடிச்சுட்டுப் போயிருவான்." கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. சிறையில் கிடந்து வந்தவர்கள் நம் கரையில் இருக்கிறார்கள். படகை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வலியில் இருந்து வந்த பேச்சு இது.

அண்ணாச்சி அறியாமலே குலசையில் ஏவுதளம் ஏன் வருகிறது என்பதற்கான காரணத்தையே சொல்லிவிட்டார். ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து துருவப் பாதைக்கு நேர் தெற்கே ஏவினால் இலங்கைக்கு மேலே போக வேண்டும். எரிந்து முடிந்த அடுக்குகள் கழன்று விழும். ஆள் குடியிருக்கும் நிலத்தில் அவை விழும்படி விட முடியாது. அதனால் ராக்கெட் முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு தெற்கே திரும்புகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகும். பெரிய ராக்கெட் தாங்கிக்கொள்ளும். சின்ன ராக்கெட்டுக்கோ சுமக்கிற சரக்கில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். குலசையில் இருந்து தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரை கடல்தான். படுக்கப்பத்து, மாதவன்குறிச்சி, பள்ளக்குறிச்சிப் பக்கம் 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்ததும், 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டி ரோகிணி என்ற சிறு ராக்கெட்டை விட்டுக் காட்டியதும் இந்த நேர்ப்பாதைக்காகத்தான்.

அந்தக் கேலிக்குள் இருக்கும் கேள்வியும் சின்னதல்ல. ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பார்கள். ஸ்ரீஹரிகோட்டாவை அடுத்த பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர்களுக்கு இது பழகிப்போன கதை. இங்கும் அப்படித்தான். 2014 அக்டோபரில் வர்ஜீனியா கரையில் ஒரே ஒரு பாய்மரப் படகு தடை செய்த பகுதிக்குள் வந்ததால் சரக்கு ராக்கெட் அன்று கிளம்பவில்லை. 2022 ஜனவரியில் எங்கள் கரையில் ஒரு பெரிய உல்லாசக் கப்பல் உள்ளே வந்துவிட, ஏவுதலை மறுநாளுக்குத் தள்ளினார்கள். பத்துமுறை ஏற்பாடு செய்தால் சில முறை தள்ளித்தான் போகும். மேகம், காற்று, ஒரு வால்வு, எதுவும் போதும். தள்ளிப்போகிற ஒவ்வொரு முறையும் கரையில் நிற்கப்போவது நம் வள்ளம்தான். அந்த நாள் கூலி யார் கணக்கு? எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள்? தசரா பத்தாம் நாள் சூரசம்ஹாரத்துக்குக் கடற்கரையில் லட்சக்கணக்கில் சனம் நிற்கும் வாரத்தில் என்ன செய்வார்கள்? கேளுங்கள் அண்ணாச்சி. நேவிக் கேலியைச் சொன்ன அதே குரலில் கேளுங்கள்.

கேலி எல்லாமே ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. 2022 ஆகஸ்ட் 7 அன்று இதே எஸ்.எஸ்.எல்.வி. முதல்முறை கிளம்பித் தோற்றது. அதில் நாடெங்கும் 75 பள்ளிகளில் இருந்து 750 மாணவிகள் பங்கெடுத்துச் செய்த ஆசாதிசாட் என்ற சிறு செயற்கைக்கோள் இருந்தது. அன்று நம் குழுவில் "பொம்பளைப் பிள்ளைய செஞ்சா விழத்தான செய்யும்" என்று ஒரு வரி வந்தது. யார் போட்டது என்று எழுத மாட்டேன், போட்டவருக்குத் தெரியும். அதற்கு விழுந்த சிரிப்புகளை எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. நம் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணும் அந்தக் குழுவைத் தன் அம்மாவின் கைப்பேசியில் பார்க்கிறாள்.

நடந்தது என்ன? இரண்டாம் அடுக்கு பிரிந்த கணத்தில் எழுந்த அதிர்வில் ராக்கெட்டின் முடுக்கமானிகள் அளவு மீறிக் காட்டின. கணினி அவை எல்லாமே பழுது என்று முடிவு செய்து மாற்று வழிக்குப் போனது. வேகம் போதாமல் போயிற்று. 356 கிலோமீட்டர் வட்டப் பாதையில் விட வேண்டியதை, ஒரு பக்கம் 76 கிலோமீட்டருக்கு இறங்கும் பாதையில் விட்டது. அந்த உயரத்தில் காற்று இழுத்துக் கீழே கொண்டுவந்துவிடும். பிள்ளைகள் செய்த செயற்கைக்கோளில் ஒரு குறையும் இல்லை. ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று, அதே வகை ராக்கெட்டில் ஆசாதிசாட்-2 சரியான பாதைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் செய்தி நம் குழுவில் வரவே இல்லை. இன்றாவது அந்தப் பெண்ணிடம் யாராவது சொல்லுங்கள்.

கேலிக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். 2014-இல் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய அடுத்த சில நாளில் இந்த நாட்டுப் பெரிய நாளிதழ் ஒன்று படம் போட்டது: தலைப்பாகை கட்டிய விவசாயி மாட்டைப் பிடித்துக்கொண்டு, கோட்டு போட்டவர்கள் அமர்ந்திருக்கும் விண்வெளிக் கழகத்தின் கதவைத் தட்டுகிறார். உடன் வேலை செய்தவர் ஒருவர் அதை என்னிடம் காட்டிச் சிரித்தார். மாடு எனக்கு அவமானம் இல்லை. மாடு வளர்த்த வீட்டில்தான் பிறந்தேன். கதவுக்கு வெளியே நம்மை நிறுத்தியதுதான் சுட்டது. பிறகு அந்த இதழ் வருத்தம் தெரிவித்தது. அன்றுமுதல் ஒரு கேலி யாரைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறது என்று பார்க்கப் பழகிக்கொண்டேன்.

உள்ளே அழைக்கிற கேலியும் உண்டு. 2019 செப்டம்பர் 7 விடியுமுன் சந்திரயான்-2-இன் விக்ரம் தரையிறங்குகலம் தொடர்பை இழந்து நிலவில் மோதியது நினைவிருக்கும். அந்த மாதம்தான் நாட்டில் போக்குவரத்து அபராதத்தை உயர்த்தியிருந்தார்கள். நாக்பூர் காவல்துறை, "விக்ரம், பதில் சொல்லு, சிக்னலை மீறியதற்கு அபராதம் போட மாட்டோம்" என்ற பொருளில் ஒரு பதிவு போட்டது. அழுதுகொண்டிருந்த நாடே சிரித்தது. எனக்கும் அது பிடித்திருந்தது. இழந்ததைக் கூடவே நின்று தேடுகிற கேலி அது.

அந்தத் தேடலை உண்மையிலேயே செய்தவர் நம் மதுரைக்காரர். சண்முக சுப்பிரமணியன், சென்னையில் பொறியாளர். நாசாவின் நிலவுச் சுற்றுக்கலம் எடுத்த படங்களை யாரும் இறக்கிப் பார்க்கலாம் என்று வெளியிட்டிருந்தார்கள். அவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, மோதிய இடத்தில் இருந்து வடமேற்கே 750 மீட்டர் தள்ளி முன்பு இல்லாத ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தார். விக்ரமின் சிதறல் அது என்று 2019 டிசம்பரில் நாசா அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தது. அவர் விண்வெளித் துறை ஊழியர் இல்லை. வீட்டுக் கணினியும் பொறுமையும்தான் அவரிடம் இருந்தவை.

"ராக்கெட்டு வந்தா நம்ம பயலுவளுக்கு வாட்ச்மேன் வேலை உறுதி" என்கிற கேலியைப் பற்றியும் எழுத வேண்டும். கசப்பு அதில் தெரிகிறது. கென்னடி மையத்துக்காக 1962 முதல் நிலம் எடுத்தபோது இங்கேயும் ஆரஞ்சுத் தோட்டங்களும் சிற்றூர்களும் போயின. எடுத்த நிலத்தில் பெரும்பகுதியைப் பறவைகள் சரணாலயமாக விட்டார்கள்; அது நல்ல காரியம். ஆனால் 2011 ஜூலையில் கடைசி ஷட்டில் இறங்கியதும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்ததை என் கண்ணால் பார்த்தேன். என் தெருவில் விற்பனைப் பலகை தொங்காத வீடுகள் குறைவு. இரத்த அழுத்தம் ஏறி எங்கள் வார்டுக்கு வந்தவர்களில் முந்தின மாதம் வரை ஷட்டிலுக்கு வெப்பக் காப்பு ஓடு ஒட்டியவர்களும் இருந்தார்கள். புதிய கம்பெனிகள் வந்து ஊர் தலையெடுக்கப் பல ஆண்டாயிற்று. ஆகவே காவல் வேலையோடு நிறுத்தாதீர்கள். திருச்செந்தூர், தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு வெல்டிங், மின்னணு, கருவிப் பராமரிப்பு எங்கே எப்போது சொல்லித் தருவார்கள் என்று கேளுங்கள்.

இனி நான் கேட்பது ஒன்றுதான். எங்கள் வார்டில் மருந்து ஏற்றுவதற்கு முன் நோயாளியின் அழுத்தம், நாடி, சர்க்கரை எல்லாம் குறித்து வைப்போம். குறிக்காமல் மருந்து போய்விட்டால், பிறகு ஏறியதா இறங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது. குலசையில் இருந்து எஸ்.எஸ்.எல்.வி. இன்னும் கிளம்பவில்லை. இந்த நாள் திரும்ப வராது. பள்ளி அறிவியல் ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு, தளத்துக்கு அருகே உள்ள கிணறுகளின் தண்ணீரை இப்போதே சோதித்து எழுதி வையுங்கள். மழைத்தண்ணீரின் அமிலத்தன்மையைக் குறியுங்கள். அதற்கான தாள் மலிவாகவே கிடைக்கும். எந்த விளையில் எத்தனை பனை பாளை விடுகிறது, ஒரு மரம் எத்தனை படி பதனி தருகிறது என்று ஏறுகிறவர்களிடம் கேட்டு நோட்டில் ஏற்றுங்கள். வலையில் படும் மீனை வகைவகையாக மாதாமாதம் எழுதுங்கள். அதை எட்டாம் வகுப்புப் பெண்ணின் கையில் கொடுங்கள். அவள் எழுத்து அழகாக இருக்கும்.

பெரியம்மை, இந்தப் பருவத்துக் கருப்பட்டியில் ஒரு கொட்டான் எடுத்து, எந்த விளை, எந்தத் தேதி என்று சீட்டு எழுதிக் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் வையுங்கள். பேரப்பிள்ளைகள் கண்ணில் படாமல் வையுங்கள். முதல் எஸ்.எஸ்.எல்.வி. போன பிறகு வரும் பருவத்தில் அதே விளையில் இருந்து இன்னொரு கொட்டான். தசராவுக்கு நான் வருகிறேன். இரண்டிலும் ஒவ்வொரு துண்டு போட்டு ஆளுக்கு இரண்டு டம்ளர் காப்பி போடுவோம்.

அன்புடன்,
டைட்டஸ்வில்லில் இருந்து உங்கள் பெண்