கேக்கின் மேலாடை

திருமணச் செலவுகளைப் பற்றிச் சென்ற இதழில் நாம் எழுதியதைப் படித்த சகோதரி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். அவர் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்பவர். "அலங்காரத்திற்கு எந்த ஃபாண்டன்ட் சிறந்தது? கடையில் வாங்குவதா, கையால் செய்வதா? தங்களுக்குத் தெரிந்தவர் யாரேனும் உண்டா?" என்று வினவியிருக்கிறார். குருவானவரிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று எண்ணி, இதழ் அலுவலகத்தார் கடிதத்தை ஒதுக்கி வைத்திருந்தனர். நாமே கேட்டு வாங்கிக்கொண்டோம். இப்பொருள் குறித்து நாம் தீர்க்க வேண்டிய பழைய கடன் ஒன்று உண்டு.

கடந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் நம் பங்கில் ஒரு திருமணம் நடந்தது. நம் ஊர் கடலோர ஊர். உப்பு ஜாடியைக் காலையில் திறந்து வைத்தால் மாலைக்குள் நீர் விட்டுவிடும். மணமகளின் தந்தை, விருந்துக்கு மூன்றடுக்குக் கேக் வேண்டுமென நம் பங்கைச் சேர்ந்த ஒரு சகோதரியிடம் சொல்லியிருந்தார். அச்சகோதரியின் கணவர் கடலுக்குச் சென்று திரும்பாதவர். பள்ளியில் பயிலும் பிள்ளைகள் இருவர். கேக் வேலையில்தான் அக்குடும்பத்தின் அடுப்பு எரிகிறது. பேசிய விலை 9,000 ரூபாய், முன்பணம் 4,000.

விருந்து மண்டபத்தில் திரையை விலக்கியபோது கேக்கின் வெண்ணிறப் போர்வை முழுவதும் முத்து முத்தாக வியர்த்திருந்தது. சிவப்பு ரோஜாக்களின் சாயம் கோடுகளாய் வழிந்து இறங்கியிருந்தது. நடு அடுக்கு ஒரு பக்கமாய்ச் சரிந்து நின்றது. மணமகள் முகம் வாடிற்று. தந்தை மீதிப் பணத்தைத் தர மறுத்தார். திங்கட்கிழமை இரு தரப்பினரும் குருமனைக்கு வந்தனர். வேலை பழுதானால் கூலி குறைவது முறைதானே என்று நாமும் அவசரமாய்த் தீர்ப்புச் சொல்லி, மீதியை விட்டுவிடுமாறு அச்சகோதரிக்கு அறிவுரை கூறினோம். அவர் வாதாடவில்லை. "சரி சாமி. ஆனா மணி ரெண்டு ஆயிட்டே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அச்சொல்லின் பொருள் விளங்க நமக்கு இரண்டு நாள் பிடித்தது. கேக்கைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து, பதினொன்றரை மணிக்கு மண்டபத்தில் வைக்கும்படி அவரிடம் சொல்லியிருந்தனர். அவரும் அவ்வாறே வைத்தார். பத்து மணிக்குத் தொடங்கிய திருப்பலியில் நாம் நாற்பது நிமிடம் பிரசங்கம் செய்தோம். பின்னர்ப் புகைப்படம். மக்கள் மண்டபம் வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. இதற்கிடையில், பக்கத்து அறையில் கொதித்த பிரியாணி அண்டாவின் ஆவியில் அந்தக் கேக் இரண்டரை மணி நேரம் நின்றிருக்கிறது. குற்றத்தில் நமக்கும் நாற்பது நிமிடப் பங்கு உண்டு என்று உணர்ந்து, அவர் வீடு தேடிச் சென்றோம். "இல்ல சாமி, என் தப்பும் இருக்கு" என்று சொல்லி, அவர் தம் சமையற்கட்டு மேசையின்மேல் ஒவ்வொன்றாய் எடுத்து வைத்து விளக்கினார். இனி எழுதப்போவதில் பெரும்பகுதி அன்று நாம் கற்ற பாடமே. பின்னர் நூல்களிலும் பார்த்து உறுதி செய்துகொண்டோம்.

ஃபாண்டன்ட் என்பது பிரெஞ்சுச் சொல். 'உருகுவது' என்று பொருள். பழைய ஃபாண்டன்ட் ஊற்றும் வகை. சீனியையும் நீரையும் ஏறத்தாழ 115 பாகை செல்சியசு வரை காய்ச்சி, ஆறவிட்டு, வெண்மையாகும்வரை கடைந்து எடுப்பார்கள். சிறு கேக்குகளின்மேல் அதனை உருக்கி ஊற்றுவது வழக்கம். இன்று திருமணக் கேக்கைப் போர்த்துவது வேறு. அது சப்பாத்தி போல் தேய்த்து விரிக்கும் வகை. வழக்கமான அளவு இது: 900 கிராம் ஐசிங் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி ஜெலட்டின், கால் கோப்பை நீர், அரைக் கோப்பை திரவ குளுக்கோஸ், ஒன்றரை மேசைக்கரண்டி கிளிசரின், இரண்டு மேசைக்கரண்டி வனஸ்பதி. ஜெலட்டின் இழுபடும் தன்மையைத் தருகிறது. குளுக்கோஸ் சீனி மீண்டும் படிகமாகிக் கரகரக்காமல் காக்கிறது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைத்து மென்மை தருகிறது. வனஸ்பதி வழவழப்புக்கும், சீக்கிரம் உலராமைக்கும் உதவுகிறது.

இதில் கவனிக்கத்தக்கது கிளிசரின். இவ்வகைச் செய்முறைகள் பெரும்பாலும் குளிர் நாட்டவர் எழுதியவை. அங்கே காற்று வறண்டது. போர்வை உலர்ந்து வெடிக்கும் என்பதே அவர்களது அச்சம். நம் கடற்கரையிலோ காற்றே ஈரம். அதே அளவு கிளிசரினை இங்கே சேர்த்தால், அது காற்றிலுள்ள நீரையும் உறிஞ்சிப் போர்வையைப் பிசுபிசுக்கச் செய்யும். அச்சகோதரி இப்போது கிளிசரினைப் பாதியாகக் குறைத்து, கடையில் 'சி.எம்.சி.' என்ற பெயரில் விற்கும் தூளைச் சிறிது சேர்த்துப் பிசைகிறார். தாவர நாரிலிருந்து செய்யப்படும் இப்பசைத் தூள் போர்வைக்கு விறைப்பைத் தருகிறது. கூடினால் வெடிப்பு விழும். ஆகவே அரைக் கரண்டி அரைக் கரண்டியாகவே சேர்க்கிறார்.

கையால் செய்வதா, வாங்குவதா என்னும் கேள்விக்கு நம் எண்ணம் இது. மாதம் ஓரிரு கேக் செய்பவர் வாங்குவதே நன்று. ஒரே சீரான பதம் கிடைக்கும், கை நோகாது. ஆனால் கடைக்காரர் புகழ்வதையோ விளம்பரப் படத்தையோ நம்பிப் பெரிய டப்பாவாக வாங்க வேண்டாம். இரண்டு மூன்று நிறுவனங்களின் மிகச் சிறிய பொட்டலங்களை வாங்குங்கள். பிசைந்து இரு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். சட்டென அறுந்தால் ஆகாது. கவிழ்த்து வைத்த கிண்ணத்தின்மேல் மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்துப் போர்த்துங்கள். விளிம்பில் கிழிகிறதா, வளைவில் யானைத்தோல் போல் சுருக்கம் விழுகிறதா என்று பாருங்கள். பிறகு மின்விசிறி இல்லாத அறையில் அதனை ஓர் இரவு விட்டுவையுங்கள். காலையில் விரல் வைத்தால் ஒட்டாதது எதுவோ அதுவே உங்கள் ஊருக்குச் சிறந்த ஃபாண்டன்ட். கொடைக்கானலில் வென்றது குளச்சலில் தோற்கும். கடைசியாகச் சிறிது வாயில் போட்டும் பாருங்கள். இனிப்பைத் தவிர வேறொன்றும் தெரியாவிட்டால் குற்றமில்லை. எண்ணெய்ச் சிக்கு நாறினால் விட்டுவிடுங்கள்.

மார்ஷ்மெல்லோவை உருக்கிச் செய்யும் ஃபாண்டன்ட் சுவையில் மேலானது. சிறுவர் பிறந்தநாளுக்குப் போதும். மூன்றடுக்குக்கு, அதுவும் கடலோரத்தில், அதனை நம்ப வேண்டாம். பூவிதழ்கள் செய்ய ஃபாண்டன்டைவிட, கல் போல் உலர்ந்து நிற்கும் 'கம் பேஸ்ட்' ஏற்றது. அடர் சிவப்பும் கறுப்பும் வேண்டுமானால் சாயம் ஏற்றியதாகவே வாங்குவது நலம். வெள்ளையில் நாமே சாயத்தைக் கொட்டிப் பிசைந்தால் கசப்பும் பிசுபிசுப்பும் வரும். அன்று ரோஜாவின் சாயம் வழிந்ததற்கு, மலிவாய் வாங்கிய நீர்ச் சாயமே காரணம் என்று அச்சகோதரி ஒப்புக்கொண்டார்.

ஆயினும் அவர் செய்த பெரும்பிழை போர்வையில் அன்று, போர்வையின் அடியில். நம் ஊர்களில் எல்லாரும் விரும்புவது விப்பிங் கிரீம். அதில் நீர் மிகுதி. அதன்மேல் ஃபாண்டன்டைப் போர்த்தினால், சீனி அந்நீரை உறிஞ்சி அடியிலிருந்தே இளகத் தொடங்கும். மணமகள் கிரீம் கேக்தான் வேண்டுமென்றார் என்பதற்காக இவர் இசைந்திருக்கிறார். ஃபாண்டன்டின் அடியில் பட்டர் கிரீமோ, கெட்டியான சாக்லேட் கனாஷோ இருக்க வேண்டும். நம் வெப்பத்திற்கு இரு பங்கு கறுப்புச் சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம் என்னும் கணக்கில் கனாஷ் செய்தால் சுவர் போல் நிற்கும். பழக் கேக்கானால் மார்சிபான் போர்த்துவது பழைய முறை. பாதாமுக்குப் பதில் முந்திரியில் செய்வதைக் கோவாவிலும் இலங்கையிலும் காணலாம். நம் நாவுக்கு அதுவே உகந்தது என்பது நம் துணிபு. ஃபாண்டன்டை உரித்து ஓரமாய் ஒதுக்குவோர் பலரைக் கண்டிருக்கிறோம், முந்திரி மார்சிபானை ஒதுக்கியவரைக் கண்டதில்லை.

வியர்வையின் காரணம் எளிது. குளிர்ந்த சோடா புட்டியை வெளியே எடுத்தால் அதன்மேல் நீர் கோப்பது போலத்தான் கேக்கின்மேலும் கோக்கிறது. ஆகவே, கனாஷ் பூசிய கேக்கை இயன்றவரை குளிர்பதனப் பெட்டியில் வைக்காதிருப்பதே மேல். வைத்தே ஆகவேண்டுமெனில் அட்டைப்பெட்டியில் மூடி வைத்து, வெளியே எடுத்த பின்னும் குளிர் தணியும்வரை பெட்டியைத் திறவாதிருக்க வேண்டும். நீர் அட்டையின்மேல் கோக்கும், கேக் தப்பும். வியர்த்துவிட்டால் துணியால் ஒற்றக் கூடாது. மின்விசிறியின் காற்றில் விட்டால் தானே உலரும்.

பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருப்பதை வாசிப்பதும் தேவை. ஜெலட்டின் என்பது விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. நம் திருமண விருந்துகளுக்குச் சைவ உணவினரான அயலாரும் நண்பர்களும் அன்போடு வருகின்றனர். கேக்தானே என்று நம்பி அவர்கள் வாங்கி உண்பார்கள். அவர்கள் அறியாமல் அதனை ஊட்டுவது முறையன்று. பச்சைப் புள்ளி இட்ட, தாவரப் பசைகளால் ஆன ஃபாண்டன்டும் இப்போது தாராளமாய்க் கிடைக்கிறது. வெண்மைக்காகச் சிலர் டைட்டானியம் டையாக்சைடு சேர்க்கின்றனர். உணவில் அதனைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் தடை செய்தது. அது இல்லாமல் சற்றே மங்கிய வெண்மையாய் இருந்தால் மணமக்களுக்கு என்ன குறை?

இப்படிப் பால் போன்ற வெண்மைக்கு ஏங்கும் பழக்கம் 1840-இல் நடந்த விக்டோரியா அரசியின் திருமணத்திற்குப்பின் பெருகியது. அவரது கேக்கின் எடை ஏறத்தாழ 300 பவுண்டு. அரசியின் கேக்குக்கு அரண்மனை பொறுப்பேற்றது. நம் ஊரில் ஐந்தடுக்குக் கேக்குக்குக் கடன் வாங்கிய தந்தை பொறுப்பேற்கிறார். அதனால் இப்போது மேலடுக்குகளைத் தெர்மாகோலில் செய்து ஃபாண்டன்டைப் போர்த்தி நிறுத்தும் வழக்கம் வந்துள்ளது. ஏமாற்று வேலை என்று நாம் முதலில் முகம் சுளித்தோம். இப்போது அவ்வளவு கடுமையாய்ச் சொல்ல மாட்டோம். எந்த அடுக்கு பொய் என்பதைப் பணம் கொடுப்பவருக்கு முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்ற விலையும் வாங்கினால் வஞ்சகமில்லை. சொல்லாமல் செய்வது வேறு. ஆயினும் ஓரடுக்குக் கேக்கும் கேக்தான் என்று யாரேனும் துணிந்து தொடங்கினால் நாம் அங்கே வந்து மகிழ்வோடு ஆசீர் அளிப்போம்.

மணமகளின் தந்தையை மீண்டும் அழைத்தோம். நம் தீர்ப்பு தவறு என்றும், தாமதத்திற்கு நாமும் ஒரு காரணம் என்றும் சொன்னோம். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "கேக்கு சரிஞ்சது சரிஞ்சதுதானே சாமி" என்றார். அதுவும் உண்மையே. முடிவில் 3,000 கொடுத்தார். மீதி 2,000 எங்கிருந்து வந்தது என்பது இப்பத்திக்குத் தேவையற்றது.

அச்சகோதரி நான்கு மாதம் மூன்றடுக்குக் கேக்குக்கு இசையவில்லை. டிசம்பரில் பழக் கேக் மட்டும் செய்தார். சனவரியில் ஒரு திருமணத்திற்கு மறுபடி துணிந்தார். அடியில் கனாஷ், மேலே கிளிசரின் குறைத்த போர்வை, பச்சைப் புள்ளி, இரண்டடுக்கு. திருமணத்திற்கு முந்தின மாலை அவர் குருமனைக்கு வந்து, செபிக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கையில், "சாமி, நாளைக்குப் பிரசங்கம் எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேட்டார். பதினொன்றுக்குள் முடித்துவிடுவதாக வாக்களித்தோம். பத்து ஐம்பத்தைந்துக்கே முடித்தோம்.