வாடகை வீடும் எழுதப்படாத உரிமையும்



உரிமைகளுக்கு உதாரணம் கேட்டால் உங்களிற் பலர் வாக்குரிமையையே எழுதுகிறீர்கள். வாடகை வீட்டில் வாழும் மாணவர்கள்கூட அந்த வீட்டிலுள்ள தமது உரிமையை எழுதுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, பரீட்சைக்கு இரு வாரங்கள் இருக்கையில் வகுப்புக்கு வரவில்லை. வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டார். கொப்பிகளும் உள்ளே. தகப்பனார் மாதந்தோறும் வாடகை கொடுத்தவர். ஆனால் கையில் ஒரு பற்றுச்சீட்டும் இல்லை.

இப்படிப் பூட்டை மாற்ற வீட்டுக்காரருக்கு உரிமை உண்டா? இல்லை. குடியிருப்பவரைப் பலவந்தமாக வெளியேற்ற எவருக்கும் அதிகாரமில்லை. நீதிமன்றக் கட்டளை வேண்டும். அமைதி குலையும் நிலை ஏற்பட்டால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் கீழ், பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் வீட்டை மீளப் பெறலாம். ஆனால் இரண்டு மாதங்களுக்குள் நீதிமன்றத்தை நாட வேண்டும்.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகைக்கு எல்லை விதித்தது. வெளியேற்றுவதற்கான காரணங்களையும் வரையறுத்தது. 1980ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் புதிதாக வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் பல அதன் எல்லைக்கு வெளியே சென்றன. ஆகவே பலருக்கு ஒப்பந்தமே பாதுகாப்பு. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து உள்ள சட்டம். வெறுங் கடதாசியில் "இரண்டு வருடம்" என எழுதினால் அக்காலம் சட்டத்தில் நில்லாது.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. வாடகையை நம்பியே வாழும் முதியோர் பலர், தவணை முடிந்தும் வீடு திரும்பக் கிடைக்காமல் அலைந்தனர். அதனாற்றான் எழுத்திலான குத்தகை முடிந்ததும் வீட்டை விரைவாக மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால், சொந்தக்காரருக்கு விரைவான வழி திறந்ததுபோல, குடியிருப்பவருக்கும் குறைந்த செலவில் ஒப்பந்தம் எழுதும் வழி திறக்கப்பட வேண்டும் என்பதே என் கருத்து. எழுத்தில்லாத உரிமை ஏழைக்கு உதவுவதில்லை.

மாணவர்களே, இன்று மாலை வீட்டில் கேளுங்கள்: முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு உண்டா? ஒப்பந்தம் எங்கே? இல்லையெனில், அடுத்த மாத வாடகைக்கு நீங்களே பற்றுச்சீட்டு எழுதி, வீட்டுக்காரரிடம் பணிவாகக் கையொப்பம் பெற அப்பாவிடம் கொடுங்கள். வாடகையைத் தவணை தவறாது செலுத்துவது கடமை. பற்றுச்சீட்டைக் கேட்பது உரிமை. பரீட்சைக்கும் இதுவே நல்ல உதாரணம்.