ஹோம் லோன் ஓடும்போதே வீட்டை டிரஸ்ட்டுக்கு மாத்தலாமா?

ரமணாசிரமத்துக்குப் பக்கத்துல, செங்கம் ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி என் நண்பனோட வீடு. சென்னையில வேலை பார்த்துக்கிட்டே லோன் போட்டு வாங்கினது. அங்க இருக்கறது அப்பா, அம்மா, தனியா வாழ முடியாத தங்கச்சி. "எனக்கு ஏதாச்சும் ஆனா அவளை யாரும் வெளிய அனுப்பக் கூடாதுடா. வீட்டை ஃபேமிலி டிரஸ்ட் பேருக்கு எழுதிடறேன்"னு போன்ல சொன்னான். இன்னும் 11 வருஷ இஎம்ஐ பாக்கி.

பேங்க்ல சொல்லிட்டியான்னு கேட்டேன். "மாசாமாசம் பணம் கட்றேன், அவங்களுக்கு எதுக்கு?"ன்னான்.

அவன் பார்த்தது அமெரிக்க வீடியோ. அங்க 1982-ல வந்த கார்ன்-செயின்ட் ஜெர்மைன் சட்டம், கடன் வாங்கினவர் பயனாளியாவே இருந்தா, சொந்த வீட்டை லிவிங் டிரஸ்ட்டுக்கு மாத்தினதுக்காக மொத்தக் கடனையும் உடனே கட்டுன்னு பேங்க் கேட்கறதைத் தடுக்குது. நமக்கு அப்படி ஒரு பாதுகாப்பு கிடையாது. உங்க லோன் அக்ரிமென்ட்டை எடுத்துப் பாருங்க. பேங்க்கோட எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாம சொத்தை விற்கவோ, தானம் பண்ணவோ, மாத்தவோ கூடாதுன்னு பொதுவா ஒரு ஷரத்து இருக்கும். அதை மீறினா முழுக் கடனையும் திருப்பிக் கேட்கலாம். கையெழுத்துப் போட்ட அன்னிக்கு நாம யாரு அதைப் படிச்சோம்!

மறைச்சுப் பண்ணவும் முடியாது. ஒரிஜினல் பத்திரம் பேங்க் லாக்கர்ல. எம்ஓடி பதிவாகியிருந்தா வில்லங்கச் சான்றுலயே அடமானம் தெரியும். அப்படியே டிரஸ்ட் பேருக்குப் போனாலும் அடமானமும் கூடவே போகும். இஎம்ஐ நின்னு கணக்கு வாராக்கடன் ஆச்சுன்னா, 2002 சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துட்டு பேங்க் வீட்டு மேல கை வைக்கலாம். தங்கச்சிக்காக எழுதின டிரஸ்ட் அதைத் தடுக்காது.

இன்னொண்ணு. பழைய வரி முறையில அசலுக்கு 80சி கழிவு வாங்கியிருக்கீங்களா? வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிஞ்சு 5 வருஷத்துக்குள்ள மாத்தினா, வாங்கின கழிவெல்லாம் திரும்ப வருமானத்துல சேரும்.

என்னைக் கேட்டா, கடன் முடியற வரைக்கும் உயில் போதும். உயிலுக்கு பேங்க் சம்மதம் வேண்டாம், முத்திரைத் தீர்வை இல்லை, பதிவும் கட்டாயமில்லை. உங்க காலத்துக்கு அப்புறம் தங்கச்சிக்காக டிரஸ்ட் உருவாகணும்னு அதுலயே எழுதலாம். ரமணரே 1938-ல ஆசிரம நிர்வாகத்துக்காக உயில் எழுத சம்மதிச்சு, கையெழுத்துக்குப் பதிலா ஒரு கோடு இழுத்தார்னு சொல்வாங்க. அவருக்கு இஎம்ஐ இல்லை, உங்களுக்கு இருக்கு. அதனால பாக்கிக் கடன் அளவுக்காவது டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்துடுங்க.

இல்ல, இப்பவே டிரஸ்ட்தான் வேணும்னா, பத்திரம் எழுதறதுக்கு முன்னாடி வரைவு நகலோட கிளைக்கு லெட்டர் கொடுங்க. அறங்காவலர் யாரு, இஎம்ஐ யார் கட்டுவாங்கன்னு தெளிவா எழுதுங்க. நகல்ல சீல் வாங்குங்க. பதில் எழுத்துல வரட்டும். மேனேஜர் வாயால "பரவாயில்ல சார்"னு சொன்னது கணக்குல வராது.

நண்பன் உயில் எழுதிட்டான். கடன் முடிஞ்ச பிறகு டிரஸ்ட். அப்போ பேங்க் 30 நாளுக்குள்ள ஒரிஜினல் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கணும். அவங்க தாமதம் பண்ணினா நாளுக்கு 5,000 ரூபாய் தரணும்னு 2023-ல ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கு. அந்தத் தேதியை இப்பவே காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கான்.