வெற்றுச் செக்கும் வட்டிக்காரனின் சட்டமும்



பாறசாலையிலிருந்து இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளை வரை நடந்து பாருங்கள். ஒரு மாநிலம் முடிந்து இன்னொன்று தொடங்குவது பெயர்ப்பலகையில்தான் தெரியும். 1956 நவம்பர் 1 அன்று கோடு கிழித்தார்கள். விளவங்கோடு அந்தப் பக்கம் போயிற்று. நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. நமது ரேஷன் அட்டைக்கு அந்தக் கோடு குறுக்கே நிற்கிறது. நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் குறுக்கே நிற்கிறது. வட்டிக்காரனுக்கு மட்டும் கோடே கிடையாது! அந்தப் பக்கம் கடன் கொடுப்பான். இந்தப் பக்கம் வழக்குப் போடுவான்.

மலையாளிகள் அவனுக்குப் "பிளேடு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர். ஒரு கணக்கைப் பாருங்கள். மகள் பிரசவத்துக்கு ரூ.50,000 வாங்குகிறோம். நூற்றுக்கு மாதம் பத்து வட்டி. 18 மாதத்தில் ரூ.90,000 கட்டியாகிவிடும். முதல் அப்படியே நிற்கும்! வேலையில்லாத மழை மாதத்தில் ஒரு தவணை தவறுகிறது. கடன் வாங்கிய அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கில் இரண்டு லட்சம் என்று எழுதி வங்கியில் போடுகிறான். பணமில்லை என்று செக் திரும்புகிறது. அந்த நிமிடமே அவன் வட்டிக்காரன் அல்ல, நீதி கேட்டு வந்த புகார்தாரன். ஏமாந்த நாம் குற்றவாளி!

இது எப்படி வந்தது? 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தீர்ப்புக் கூறினார். 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் இருந்தவர் அவர். வறுமையால் கடன் கட்ட முடியாதவனைச் சிறையில் தள்ளுவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார். அப்படி மூடிய கதவுக்குப் பக்கத்திலேயே 1989 ஏப்ரல் 1 முதல் இன்னொரு கதவைத் திறந்தார்கள். அதுதான் செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவு. வியாபாரத்தில் செக்குக்கு மதிப்பு வேண்டும் என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். ஓராண்டாக இருந்த சிறைத் தண்டனையைப் பின்னர் இரண்டாண்டாக்கினார்கள். பெரிய வியாபாரிக்கு வந்த சட்டம் இன்று சூளைத் தொழிலாளியின் கழுத்தில் விழுகிறது.

ஆனாலும் தோழர்களே, ஓடி ஒளிவதால் பயனில்லை. சட்டத்தை அறிந்துகொள்வோம்.

செக் திரும்பிய செய்தி கிடைத்த 30 நாளுக்குள் அவன் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது நம் கைக்கு வந்த பிறகு பணம் கட்ட 15 நாள் நமக்கு உண்டு. அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் அவன் மாஜிஸ்திரேட் முன் புகார் தர வேண்டும். இது போலீஸ் போடும் வழக்கல்ல. "ஸ்டேஷனில் சொல்லி உள்ளே தள்ளுவேன்" என்று வீட்டுவாசலில் கத்துகிறவன் நம்மை மிரட்டுகிறான், அவ்வளவுதான்.

தபால்காரரிடம் "ஆள் இல்லை" என்று சொல்லி அனுப்பாதீர்கள். மறுத்த தபாலும் பெற்ற தபாலாகவே கருதப்படும். உண்மையிலேயே நோட்டீஸ் கிடைக்காதவர் சம்மன் வந்த 15 நாளுக்குள் செக் தொகையைக் கட்டி வழக்கைத் தள்ளக் கேட்கலாம் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். சம்மனை அலட்சியம் செய்தால் அடுத்து வருவது வாரண்ட்.

2015 திருத்தத்தின்படி, அவன் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை எங்கேயோ அங்கேதான் வழக்கு. கணக்கு நெய்யாற்றின்கரையில் என்றால் குழித்துறைக்காரரும் கூலியை விட்டுவிட்டு இங்கே வந்து நிற்க வேண்டும்.

வெற்றுச் செக்தானே என்று சொல்லித் தப்ப முடியாது. கையெழுத்து நம்முடையது என்றால், கடன் உண்டு என்றே நீதிமன்றம் முதலில் கொள்ளும். 2019இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அப்படியல்ல என்று காட்டும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. ஆனால் 2022இல் இன்னொரு தீர்ப்பும் வந்தது. செக் கொடுத்த பின் கடனில் ஒரு பகுதியைக் கட்டியிருந்தால், அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் வங்கியில் போட்ட வழக்கு நில்லாது. இதற்கு அத்தாட்சி வேண்டுமே! கையில் கொடுத்த காசுக்கு வாய் கிடையாது. ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கேளுங்கள். தர மறுத்தால் வங்கி வழியாகவோ போன் வழியாகவோ மட்டும் கட்டுங்கள்.

பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் தாலுகா சட்டப் பணிக் குழுவில் இலவசமாக வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். எந்தக் கட்டத்திலும் சமரசம் செய்யலாம். தாமதிக்கத் தாமதிக்கச் செலவு ஏறும். குறையைச் சொல்லும் மனுவைத் தமிழிலேயே எழுத அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு உரிமை தருகிறது.

இனி நம் வீட்டுக் குப்பையையும் பார்ப்போம். வட்டிக்காரர்களில் எத்தனை பேர் நம் மொழி பேசுகிறவர்கள்! "அண்ணாச்சி நம்மாள்" என்று நம்பித்தானே செக்கை நீட்டுகிறோம்? தமிழில் கேட்டாலும் பத்து வட்டி பத்து வட்டிதான். அவன் தந்த நன்கொடைக்காகச் சங்க விழா மேடைகளில் பொன்னாடை போர்த்துகிறோம். அந்தப் பொன்னாடை நம் அக்கா அடகு வைத்த தாலியில் நெய்தது. இனி அது வேண்டாம்!

கேரள அரசையும் கேட்கிறோம். 1958இல் கடன் கொடுப்போர் சட்டம் வந்தது. 2012இல் கொடுவட்டித் தடைச் சட்டம் வந்தது. 2014இல் "ஆபரேஷன் குபேரா" என்று வீடு வீடாகச் சோதனை நடந்தது. சோதனை ஓய்ந்தது, பிளேடு ஓயவில்லை. லைசென்ஸ் இல்லாமல் வட்டித் தொழில் செய்பவன் செக்கோடு நீதிமன்றம் வந்தால், லைசென்ஸ் எங்கே, வட்டி என்ன என்று முதல் நாளே கேட்கும்படி சட்டத்தைத் திருத்துங்கள். பிளேடுக்கு மாற்றாக 2018இல் பாலக்காட்டில் கூட்டுறவு வங்கியும் குடும்பஸ்ரீயும் சேர்ந்து "முற்றத்தெ முல்ல" கடன் திட்டத்தைத் தொடங்கின. அதுபோன்ற கடன் எல்லையோரத்து வாடகை வீட்டில் வாழும் தமிழ்ப் பெண்ணின் வாசலுக்கும் வரட்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்றுதான். தொகை எழுதாத செக்கில் எந்த அவசரத்திலும், யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். நோட்டீஸ் வந்த அன்றே சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். 15 நாள் என்பது குறுகிய காலம். தனியாக இருந்து அழுதால் அது போய்விடும். கூடி உட்கார்ந்தால் போதும்!